பழைய ஸ்டீல் எம்டிபிக்கு மாற்று ஃபோர்க்: எதை அளந்து எதை வாங்குவது?

கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் நிலைமை இது. தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, 1990களின் பிற்பாதியைச் சேர்ந்த 26 அங்குலச் சக்கரமுள்ள ஸ்டீல் எம்டிபி (மலைப்பாதைச் சைக்கிள்) ஒன்று அவரிடம் இருக்கிறது. ஷாக் (அதிர்வு தாங்கி) இல்லாத முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை), இரண்டு சக்கரங்களுக்கும் வி-பிரேக் (ரிம்மை இருபுறமும் கட்டையால் பிடிப்பது), குரோமோலி (ஒரு வகைக் கலப்பு ஸ்டீல்) என்று ஃபிரேமில் ஒரு ஸ்டிக்கர். தோட்டத்துச் சாலையில் இறங்கும்போது மதகுக் கல்லில் மோதியதில் ஃபோர்க் இரண்டு விரற்கடை பின்னால் மடங்கிவிட்டது. வெல்டிங் பட்டறைக்காரர் சூடாக்கி நிமிர்த்தித் தருவதாகச் சொல்கிறார். கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் 100 மி.மீ. ஷாக் ஃபோர்க் போடச் சொல்கிறார்கள். அவருடைய நண்பர் ஒருவரிடம் 29 அங்குலச் சைக்கிளிலிருந்து கழற்றிய ஷாக் இல்லாத ஃபோர்க் ஒன்று சும்மா கிடக்கிறது. இம்மூன்றில் எது என்பது கேள்வி.

மூன்றும் வேண்டாம் என்பது என் பதில். பழைய ஃபோர்க்கின் நீளத்துக்கு 10 மி.மீ. கூடக் குறைய ஒத்துவரும், ஷாக் இல்லாத, 26 அங்குலச் சக்கரத்துக்கென்றே செய்த குரோமோலி ஃபோர்க் ஒன்றைத் தேடி வாங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், அளவுகளை எப்படி எடுப்பது என்பதையும் கீழே விளக்குகிறேன்.

ஃபோர்க்கைத் தேடுவதற்கு முன் ஃபிரேமைப் பாருங்கள். முன்சக்கரம் நேராக மோதும்போது ஃபோர்க்கை மடக்கிய விசையில் ஒரு பங்கு ஹெட் டியூப் (ஃபோர்க்கின் மேல்தண்டு நுழையும் முன்குழாய்) வழியாக டவுன் டியூபுக்கும் (அங்கிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய்) போயிருக்கும். ஹெட் டியூபுக்குப் பின்னால், டவுன் டியூபின் அடிப்பக்கத்தில் முதல் ஐந்து சென்டிமீட்டரை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்; டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்தும் பாருங்கள். மிகச் சிறிய புடைப்போ, குறுக்காக மயிரிழை போல் வண்ண விரிசலோ இருந்தால் அந்த ஃபிரேமின் கணக்கு முடிந்துவிட்டது, அதற்குப் புது ஃபோர்க் வாங்குவது வீண் செலவு. மேலே ஓடும் டாப் டியூபின் அடிப்பக்கத்தையும் இப்படியே பாருங்கள். பிறகு சைக்கிளுக்கு நேர் எதிரில் நின்று ஒற்றைக் கண்ணால் நோக்கினால் ஹெட் டியூபும், இருக்கையைத் தாங்கும் சீட் டியூபும் ஒரே கோட்டில் விழ வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் மேலே படியுங்கள்.

பட்டறையில் நிமிர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீலைக் குளிர்நிலையிலேயே சிறிதளவு வளைத்துச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான். ஒரு கால் இரண்டு மி.மீ. விலகியிருந்தால் அனுபவமுள்ள கைகள் அதைச் செய்துவிடும். ஆனால் மோதி மடங்கிய ஃபோர்க் பெரும்பாலும் கிரவுன் எனப்படும் தோள்பட்டையில், அதாவது ஹெட் டியூபுக்குள் நுழையும் ஸ்டீயரர் குழாயும் இரு கால்களும் கூடும் இடத்தில்தான் மடங்கும். ஃபோர்க்கிலேயே அதிக அழுத்தம் தாங்கும் இடமும் அதுதான். மெல்லிய சுவருள்ள குரோமோலிக் குழாயை கேஸ் சுடரில் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் அதன் வலு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஸ்டீல் உடைவதற்கு முன் முனகும், எச்சரிக்கும் என்பார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைக்கு மேலேயுள்ள வளைவுகளில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இறங்கும்போது அந்த முனகல் யார் காதில் விழப்போகிறது?

இனி நீளம். ஃபோர்க் தேர்வில் மற்ற எல்லாமே பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்விகள்தாம். நீளம் மட்டுமே சைக்கிளின் குணத்தை மாற்றுவது. கடைகளில் கேட்கப்படாத கேள்வியும் பெரும்பாலும் அதுவே. கிரவுனில் அடி பேரிங்கின் ரேஸ் (பேரிங் உருளும் வளையம்) உட்காரும் பரப்பிலிருந்து முன் ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) மையம் வரையுள்ள நேர் தூரத்தைத்தான் ஃபோர்க் நீளம் என்கிறோம். ஸ்டீயரர் குழாயின் நீளம் இதில் சேராது. ஸ்டீயரரின் கோட்டுக்கு இணையாக அளந்து எழுதும் நிறுவனங்களும் உண்டு, 410 மி.மீ. ஃபோர்க்கில் அதனால் வரும் வேறுபாடு இரண்டு மூன்று மி.மீ.தான், கவலை வேண்டாம்.

இந்த அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1989-இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் முதல் சஸ்பென்ஷன் (ஷாக்) ஃபோர்க்கைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன் வரையப்பட்ட 26 அங்குல ஃபிரேம்கள் ஏறத்தாழ 390 முதல் 400 மி.மீ. வரையுள்ள ஃபோர்க்கை மனத்தில் வைத்து உருவானவை. பின்னாளில் யாரேனும் ஷாக் ஃபோர்க் போடக்கூடும் என்று எண்ணி, அதற்கு இடம் விட்டு ஃபிரேம்களை வரையத் தொடங்கினார்கள். அவற்றில் ஷாக் இல்லாத ஃபோர்க் வந்தால் அதன் நீளம் 410-லிருந்து 440 வரை போகும். 29 அங்குலச் சைக்கிள்களின் ஷாக் இல்லாத ஃபோர்க்குகள் 465 முதல் 490 மி.மீ. வரை இருக்கும். ஆகவே உங்கள் நண்பரிடம் சும்மா கிடப்பது, உங்களுக்குத் தேவையானதைவிட 50 மி.மீ.க்குமேல் நீளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஃபோர்க் விஷயத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மடங்கிய ஃபோர்க்கை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். மடிப்பு கிரவுனுக்கு மேலே ஸ்டீயரரில் மட்டும் இருந்தால் கால்கள் கெட்டிருக்காது, நேராக அளந்துவிடலாம். கால்களே மடங்கியிருந்தால், மோதலுக்கு முன் பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். தூரத்தில் நின்று, சைக்கிளுக்குச் செங்குத்தாக எடுத்த படமாக இருந்தால் போதும். சக்கரத்தின் விட்டத்தை அளவுகோலாகக் கொண்டு, கிரவுனிலிருந்து ஆக்ஸில் வரையுள்ள தூரத்தைக் கணக்கிடலாம். பாகைமானியை வைத்து ஹெட் டியூபின் சாய்வையும் பார்த்துவிடலாம். அக்காலத்து எம்டிபிகளில் அது பெரும்பாலும் 71 பாகை. படமும் இல்லையென்றால், பின்சக்கரத்தைத் தரையில் வைத்து, பெடல் அச்சின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 290 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி ஃபிரேமின் முன்பக்கத்தைக் கட்டை கொடுத்துத் தூக்குங்கள். அந்த நிலையில் ஹெட் டியூப் 71 பாகைக்கு அருகில் இருந்தால், அடி கப்புக்கும் (ஹெட் டியூபின் அடியில் பேரிங் உட்காரும் கிண்ணம்) முன் ஆக்ஸில் நிற்க வேண்டிய உயரத்துக்கும் இடையே எவ்வளவு நீளம் தேவை என்பது தெரிந்துவிடும்.

உங்கள் பழைய ஃபோர்க் 410 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, கடைக்காரர் சொன்ன 100 மி.மீ. ஷாக் ஃபோர்க்கைக் கணக்குப் பார்ப்போம். 26 அங்குலத்துக்கான அத்தகைய ஃபோர்க் 470 மி.மீ. அளவில் இருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் 20, 25 மி.மீ. அமுங்கி 445, 450-இல் நிற்கும். சமதளத்தில் கூடுதல் நீளம் 35 முதல் 40 மி.மீ. ஆகிறது. ஏற்றத்தில் உடல் எடை பின்சக்கரத்துக்குப் போவதால் அமுங்கிய ஃபோர்க் மறுபடி எழுந்து, கூடுதல் நீளம் 50 மி.மீ.யைத் தாண்டிவிடும். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஹெட் டியூப் ஏறத்தாழ ஒரு பாகை சாயும், 50 மி.மீ.க்கு இரண்டரைப் பாகை. சீட் டியூபும் அதே அளவு பின்னால் சாய்கிறது, பெடல் அச்சு 20 மி.மீ. போல உயர்கிறது. அதாவது, முன்பக்கம் கனமாக நின்று நேராகப் போக வேண்டிய ஏற்றத்தில்தான் சைக்கிள் மிக மோசமாகப் பின்னால் சாய்ந்திருக்கிறது.

இந்தத் தவற்றை நானே செய்திருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன். என் பழைய ஸ்டீல் சைக்கிளுக்கு, கை வலிக்கிறது என்று 100 மி.மீ. ஷாக் ஃபோர்க் ஒன்றை ஆசையாகப் பொருத்தினேன். குன்னூரிலிருந்து லாம்ஸ் ராக் பக்கம் ஏறும்போது, நடக்கும் வேகத்துக்குச் சற்றுமேலே முன்சக்கரம் தானாக இடமும் வலமும் விழத் தொடங்கியது. சாலை ஓரத்துக் கோட்டைப் பிடித்து ஓட்ட முடியவில்லை. தேயிலை மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் நான் குடித்திருக்கிறேனோ என்று பார்த்தபடி போனார். இரண்டு மாதத்தில் பழைய ஃபோர்க்கையே திரும்பப் போட்டுக்கொண்டேன். நீண்ட ஃபோர்க் ஹெட் டியூபின் மேல் நெம்புகோலாகவும் வேலை செய்கிறது. கல்லில் இடிக்கும் ஒவ்வொரு முறையும், அந்த நீளத்துக்காக வரையப்படாத டவுன் டியூபின் அடியில் கூடுதல் சுமை விழுகிறது. இவ்வளவுக்கும் மேலாக, மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஷாக் இல்லாத குரோமோலி ஃபோர்க் ஒரு கிலோவும் சொச்சமும்தான். அந்த ஒன்றரைக் கிலோவை ஒவ்வொரு ஏற்றத்திலும் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

குட்டையான ஃபோர்க்கும் ஆகாது. அப்போது கோணம் நிமிர்ந்து, இறக்கத்தில் ஹேண்டில்பார் பதற்றமாகத் திரும்பும். பெடல் கல்லில் தட்டும். திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் உரசும். 10 மி.மீ. வேறுபாட்டை ஓரிரு நாளில் மறந்துவிடுவீர்கள், 15-ஐ உணர்வீர்கள், 20-க்கு மேல் வாங்க வேண்டாம் என்பது என் கணக்கு.

நீளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரேக், அதாவது ஸ்டீயரரின் நடுக்கோட்டிலிருந்து ஆக்ஸில் எவ்வளவு முன்தள்ளி நிற்கிறது என்பது. 26 அங்குல ஃபோர்க்குகளில் இது 38 முதல் 45 மி.மீ. வரை இருக்கும். திசைமாற்றும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை டிரெயில் என்பார்கள். சைக்கிள் தானாக நேராகப் போக விரும்புவதும், மெதுவாகப் போகையில் ஹேண்டில்பார் கனப்பதும் இதைப் பெரிதும் பொறுத்தவை. 71 பாகையும் 41 மி.மீ. ரேக்கும் சேர்ந்தால் 2.1 அங்குல டயருக்கு டிரெயில் ஏறத்தாழ 71 மி.மீ. வரும். அதே ரேக்கில் கோணம் 68.5 ஆகச் சாய்ந்தால் டிரெயில் 87-ஐத் தொடும். லாம்ஸ் ராக் சாலையில் என்னை அலைக்கழித்தது இந்த 16 மி.மீ.தான். மாறாக, சற்றே நீளமான ஃபோர்க்தான் கிடைக்கிறது என்றால், 10 மி.மீ. கூடுதல் நீளத்துக்கு ரேக் 3 மி.மீ. கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தால் டிரெயில் பழைய இடத்துக்கு வந்துவிடும். கால்கள் முன்னோக்கி வளைந்திருக்கின்றனவா, அல்லது நேராக இருந்து கிரவுனிலேயே முன்சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பது இந்தக் கணக்கைப் பாதிக்காது. வளைந்த கால் அழகு. எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஸ்டீயரர் பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் பயன்படாது. வெர்னியர் காலிப்பரால் வெளி விட்டத்தைப் பாருங்கள். 25.4 மி.மீ. என்றால் ஒரு அங்குலம், 28.6 என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த, ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் கொண்ட அளவு. உங்கள் சைக்கிளின் காலத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் இருக்க வேண்டும். அரிதாக 31.8-உம் உண்டு. அடியில் பருத்து மேலே சிறுக்கும் இன்றைய ஸ்டீயரர் உங்கள் ஹெட் டியூபுக்குள் நுழையாது. மேல்முனையில் மரை வெட்டிய ஸ்டீயரராக இருந்தால், மரையற்ற ஃபோர்க்குக்கு மாறுவதில் தடை இல்லை. ஹெட்செட்டையும் (ஸ்டீயரர் சுழலும் பேரிங் தொகுதி) ஸ்டெம்மையும் (ஹேண்டில்பாரை ஸ்டீயரரோடு பிணைக்கும் பாகம்) சேர்த்து மாற்ற வேண்டும், அவ்வளவே. மரையுள்ளதையே வாங்குவதானால் ஸ்டெம்மின் ஆப்பு மரைப் பகுதிக்குள் நிற்காமல் அதற்குக் கீழே இறங்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். மரை வெட்டிய சுவர் மெலிந்தது, அங்கே ஆப்பு அழுத்தினால் ஒருநாள் விரிசல் விடும். கிரவுன் ரேஸ் உட்காரும் விட்டம் 28.6 ஸ்டீயரருக்கு 30.0 மி.மீ. ஒரு அங்குல ஃபோர்க்குகளில் 26.4, 27.0 என்று இரண்டு வழக்குகள் உண்டு, 27.0-ஐ 26.4-ஆகக் கடைந்து கொடுக்கக் கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

மரையற்ற ஸ்டீயரரின் நீளத்துக்கு ஹெட் டியூப், ஹெட்செட்டின் மேல் கீழ் உயரம், ஸ்டெம் பிடிக்கும் உயரம், ஸ்பேசர்கள் (இடைவெளி வளையங்கள்) ஆகியவற்றைக் கூட்டி 3 மி.மீ. கழிக்க வேண்டும். 120, 28, 40, 20 என்று இருந்தால் வெட்ட வேண்டிய அளவு 205 மி.மீ. முதலில் ஸ்பேசர்களைத் தாராளமாக வைத்து நீளமாக வெட்டி, சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் உங்களுக்கு உண்மையான தேர்வு ஒன்று இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கி.மீ. தூரத்தில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். வெயில் நாளில் நல்ல கட்டை போட்ட வி-பிரேக் இதற்குப் போதும், நடுவில் நின்று ரிம்மைக் குளிரவிட்டால் போதும். மழை நாளில் நிலைமை வேறு: நனைந்த ரிம்மில் முதல் சில சுற்றுகள் பிடிப்பே இருக்காது, சேற்று மணல் கட்டையையும் ரிம்மையும் அரைத்துத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் இறங்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், டிஸ்க் பிரேக் பொருத்தும் இடமும் வி-பிரேக்கைப் பூட்டும் முளைகளும் இரண்டுமே உள்ள ஃபோர்க்கைத் தேடுங்கள். முன்சக்கரத்துக்கு மட்டும் டிஸ்க் போட்டுப் பின்னால் வி-பிரேக்கையே வைத்துக்கொள்ளலாம். கேபிள் டிஸ்க் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) வாங்கும்போது வி-பிரேக் லீவருக்குப் பொருந்தும் வகையா என்று மட்டும் கேளுங்கள். முன் ஹப் டிஸ்க் ஹப்பாக மாற வேண்டும் என்பதால் சக்கரம் கோர்க்கும் செலவும் சேரும். வி-பிரேக் முளைகள் 26 அங்குல ரிம்முக்குரிய உயரத்தில் இருக்க வேண்டும். 700சி என்னும் பெரிய சக்கரத்துக்கான ஃபோர்க்கில் அவை மேலே இருக்கும், உங்கள் ரிம்மைக் கட்டை தொடாது.

டிஸ்க் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ரிம் பிரேக் ஃபோர்க்கில், டிஸ்க் காலிப்பரைத் தாங்கும் பட்டையைப் பட்டறையில் வெல்டிங் செய்து ஒட்ட வேண்டாம். டிஸ்க்கின் விசை முழுவதும் இடது காலின் அடிப்பகுதியில் விழுகிறது, அதற்கென்று தடித்த குழாயில் செய்த கால்தான் அதைத் தாங்கும். அடுத்து, காலுக்குப் பின்னால் காலிப்பர் இருக்கும் அமைப்பில் பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் கீழ்நோக்கி வெளியே தள்ளப்படுகிறது. எனவே குவிக் ரிலீஸை (கருவி இல்லாமல் ஆக்ஸிலைப் பூட்டும் நெம்பு) இறுக்கமாகப் பூட்டுவதும், டிராப்அவுட்டின் (கால்நுனியில் ஆக்ஸில் உட்காரும் பிளவு) விளிம்பிலுள்ள சிறு உதடுகளைச் சௌகரியத்துக்காக அராவித் தேய்க்காமல் இருப்பதும் கட்டாயம்.

ஹப் அகலம் 100 மி.மீ., ஆக்ஸில் 9 மி.மீ. குவிக் ரிலீஸ் என்றால் உங்கள் சக்கரம் அப்படியே ஏறும்; 15 மி.மீ. ஆக்ஸில் உள்ள ஃபோர்க்குக்கு ஏறாது.

உலோகத்தைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது, என்னைக் கேட்டால் தேவைக்கு மேல் பேசப்படுகிறது. 4130 குரோமோலி நல்ல தேர்வு. சாதாரண ஹைடென் ஸ்டீல் ஃபோர்க் சில நூறு கிராம் கூடுதல் எடை, மற்றபடி உழைக்கும். கார்பன் ஃபோர்க்கின் விலை உங்கள் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். ஸ்டீல் ஃபோர்க் அதிர்வை உறிஞ்சுகிறது என்பதில் உண்மை கொஞ்சம்தான்: கால்கள் சில மி.மீ. வளைந்து கொடுக்கும், ஆனால் டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்கிக் கொடுக்கிறது. கை வலி குறைய வேண்டுமானால், 2.25 அல்லது 2.35 அங்குல டயருக்கு இருபுறமும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி விடும் ஃபோர்க்கை வாங்கி, காற்றை 45 பி.எஸ்.ஐ.யிலிருந்து 30-க்கு இறக்கிப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் மழையில் களியாகும்போது அந்த இடைவெளி இன்னொரு வகையிலும் உதவும். குறுகலான ஃபோர்க்கில் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாறைப் பாதைகளில் வேகமாக இறங்குவதுதான் உங்கள் விருப்பம் என்றால் ஷாக் ஃபோர்க் தேவைதான். அப்போது அதற்கென்றே வரையப்பட்ட வேறு சைக்கிளை வாங்குங்கள். மாமா கொடுத்ததைக் கோடநாடு சாலைக்கும் தோட்டத்து வழிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் வந்தவுடன், பொருத்துவதற்கு முன்பே அதன் உட்புறத்தைக் கவனியுங்கள். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழை கடுமையாகவே பெய்யும். மழை இல்லாத நாளிலும் மூடுபனி ஈரத்தை உள்ளே அனுப்புகிறது. ஸ்டீயரருக்குள்ளும் கால்களின் சிறு துளைகள் வழியாகவும் கொஞ்சம் எண்ணெய் விட்டு உருட்டி, ஒரு இரவு தலைகீழாக நிறுத்தி வடியவிடுங்கள். அந்தத் துளைகளை அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் வெளியேறும் வழி அவை. கிரவுன் ரேஸின் இருக்கைக்கும் கப்புகளுக்கும் கிரீஸ் தாராளமாக வையுங்கள்.

பொருத்திய பின் சக்கரம் இரு கால்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள். விலகலும் மறுபக்கம் மாறினால் கோளாறு சக்கரத்தில், கோட்டம் எடுத்தால் சரியாகும். அதே பக்கத்தில் நின்றால் கோளாறு ஃபோர்க்கில், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பேரிங் முதலில் சற்று அமர்ந்து தளரும் என்பதால் முதல் 50 கி.மீ.க்குப் பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட்டில் ஆட்டம் இருந்தால் இறுக்குங்கள். அந்த 50 கி.மீ.யைக் கோடநாடு சாலையில் முடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குங்கள்.